புல்லு டீச்சர்

"இல்லைங்கிற வார்த்தை என் வாயில வராது" என்று டீச்சர் அடிக்கடி சொல்வார். வராதுதான். எட்டு வருடம் அவருடைய காம்பவுண்டில் குடியிருந்தேன். யார் எதைக் கேட்டு வந்தாலும் அவர் இல்லை என்று சொல்லி நான் கேட்டதே கிடையாது. அவர் இறந்தபோது துட்டி கேட்க வந்தவர்கள் எல்லாரும் அதையேதான் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனார்கள். நானும் தலையை ஆட்டினேன். செத்தவரைப் பற்றி நாலு நல்ல வார்த்தை பேசிவிட்டுப் போவதில் என்ன கெட்டுவிடப் போகிறது என்று அப்போது நினைத்தேன். இப்போது அப்படி நினைக்க முடியவில்லை.

திண்டுக்கல்லில் வேடசந்தூர் ரோட்டில் டவுன் முடிகிற இடத்தில் அந்தக் காம்பவுண்டு. மூன்று போர்ஷன். நடுவில் டீச்சர் வீடு, ஒரு பக்கம் மும்தாஜ் அக்கா, இன்னொரு பக்கம் நாங்கள். என் வீட்டுக்காரர் ஒரு நூல் மில்லில் ஃபிட்டர். மில் பஸ் முக்கிலேயே நிற்கும் என்பதற்காகத்தான், கல்யாணமான கையோடு அந்த வீட்டைப் பிடித்தார். தொண்ணூறுகளின் கடைசி அது.

டீச்சருக்கு அப்போது ஐம்பது வயதிருக்கும். கஞ்சி போட்ட காட்டன் சேலை, இடுப்பில் செருகிய கைக்குட்டை, கழுத்தில் சின்னச் சிலுவை. கணவர் நாங்கள் போவதற்கு முன்பே தவறிவிட்டார். ஒரே மகன் வெளியூரில் வேலை பார்த்தான். கிறிஸ்துமஸுக்கு வருவான், மறுநாளே போய்விடுவான். டீச்சர் குரலை உயர்த்திப் பேசியதில்லை. வகுப்பில் பிள்ளைகளை அடிக்கவும் மாட்டாராம். "எந்திரி கண்ணு, முன்னால வந்து நில்லு. உனக்கு வராதுன்னு எல்லாருக்கும் தெரியட்டும்" என்பாராம், அத்தனை அன்பாக. அவரிடம் ஐந்தாம் வகுப்பு படித்த ஒருத்தி எங்கள் தெருவில் இருந்தாள். அடி வாங்கியிருந்தால் எப்போதோ மறந்திருப்பேன் என்று சொன்னாள்.

அவருக்குத் தெருவில் புல்லு டீச்சர் என்று பெயர். காம்பவுண்டை ஒட்டி இருபது சென்ட் இடத்தில் மாட்டுப்புல் போட்டிருந்தார். கோ-3 என்று சொல்வார்கள், கம்பையும் யானைப்புல்லையும் கலந்து உண்டாக்கியது. இரண்டு சிந்து மாடு வைத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கும் போய் வந்த பெண்பிள்ளை எனக்குத் தெரிந்து அவர் ஒருவர்தான். மூன்று வீட்டில் குளிக்கிற தண்ணீர், பாத்திரம் கழுவுகிற தண்ணீர் எல்லாம் ஒரே வாய்க்காலாகச் சேர்ந்து அந்தப் புல்லுக்குப் போகும். அதனால் எந்த சோப்பைப் போட்டுக் குளிக்க வேண்டும், துணிக்கு எவ்வளவு சோடா போடலாம் என்பதெல்லாம் டீச்சர் தீர்மானிக்கிற விஷயம்.

"உன் சேலை வெளுக்குறதுக்கு என் புல்லு மஞ்சளாகணுமா பிள்ள?" என்று ஒருநாள் சிரித்துக்கொண்டே கேட்டார். அன்றோடு நான் சோடாவை விட்டேன்.

விடிந்ததும் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அரிவாளோடு இறங்குவார். நாற்பத்தைந்து நாளுக்கு ஒரு அறுப்பு, பாத்தி பாத்தியாக முறை வைத்து. தரையிலிருந்து நாலு விரல் விட்டு அறுக்க வேண்டும், ஒட்ட அறுத்தால் தூர் அழுகிவிடும். அறுத்த கையோடு சாணியைக் கரைத்து ஊற்றி மண் அணைப்பார். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் ஒவ்வொரு குத்திலும் முப்பது நாற்பது குருத்து நிற்கும். இதை மறைக்கக் கூடாது, புல் வளர்ப்பதில் அந்த அம்மாளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. ரோட்டோர வேம்பெல்லாம் வாடிப்போய் நின்ற வருடத்திலும் அந்த இருபது சென்ட் மட்டும் ஆள் உயரத்துக்குப் பச்சையாக நிற்கும். பஸ்ஸில் போகிறவர்கள் தலையை நீட்டிப் பார்ப்பார்கள். டீச்சருக்குக் கைராசி என்று ஊரே பேசியது. "அதெல்லாம் ஒண்ணுமில்லப்பா, மாதா புண்ணியம்" என்பார்.

குடிபோன முதல் வாரம் உறைமோர் கேட்டேன். இரண்டு கையாலும் டம்ளரை ஏந்திக் கொண்டுவந்து கொடுத்தார். எதைக் கொடுத்தாலும் இரண்டு கையால்தான் கொடுப்பார். மறுநாள் பால் உறையவில்லை. திரும்பவும் கேட்டேன், கொடுத்தார், உறையவில்லை. என் வீட்டுக்காரர் நீர்த்த பாலைச் சோற்றில் ஊற்றிக்கொண்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். அன்று சாயந்திரம் டீச்சர் வாசலில் நின்று மும்தாஜ் அக்காவிடம், "பாவம், புதுப்பொண்ணு கையில தயிர் உறைய மாட்டேங்குது, யாரும் அவள ஒண்ணும் சொல்லாதீங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அதுவரை யாரும் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை.

மும்தாஜ் அக்காவின் கோழி அடைக்கு உட்கார்ந்தபோது, முட்டைக்கு, சேவலும் கோழியும் வைத்திருந்த டீச்சரிடம்தான் போனார். பதினொரு முட்டை கொடுத்தார். கோழி இருபத்தொரு நாளும் எழுந்திருக்காமல் கிடந்தது. ஒன்றுகூடப் பொரிக்கவில்லை. எங்கள் வரிசையிலேயே ஃபிரிட்ஜ் இருந்தது டீச்சர் வீட்டில் மட்டும்தான், குளிரில் வைத்த முட்டை பொரிக்காது என்பதெல்லாம் எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் உறைத்தது.

முக்கு வீட்டுப் பெண்ணைப் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். பக்கத்தில் விசாரிக்காமல் யார் பெண் எடுப்பார்கள்? டீச்சர் என்றால் நம்பிக்கையான ஆள் என்று நேராக அவரிடம் வந்தார்கள். நான் அப்போது அங்கேதான் அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன்.

"தங்கமான பொண்ணுங்க" என்றார் டீச்சர். "கண்ண மூடிட்டு முடிங்க. இப்ப முன்ன மாதிரியெல்லாம் இல்ல. ரொம்பத் திருந்திட்டா."

அவர்கள் காபியைக் குடித்துவிட்டுப் போனார்கள். திரும்பி வரவில்லை. அந்தப் பெண் திருந்துவதற்கு எதுவுமே செய்திருக்கவில்லை. பள்ளிக்கூடம், வீடு, கோயில் தவிர அவளுக்கு ஒரு இடம் தெரியாது. அவளுடைய அம்மா, எங்களுக்காக இவ்வளவு நல்லபடியாகச் சொன்னீர்களே என்று டீச்சரிடம் வந்து அழுதாள். டீச்சரும் கூட அழுதார்.

கரணை கேட்டு ஆட்கள் வருவதுதான் அதிகம். அந்தப் புல் விதை போட்டு வருவதில்லை. முற்றின தண்டை இரண்டு கணு இருக்கிற மாதிரி துண்டு துண்டாக வெட்டினால் அதுதான் கரணை. ஒரு கணு மண்ணுக்குள்ளே, ஒரு கணு வெளியே, கொஞ்சம் சாய்த்து ஊன்ற வேண்டும். பத்து நாளில் கண் விட்டுவிடும். ஒரு தடவை பிடித்துவிட்டால் ஐந்தாறு வருடத்துக்கு மாட்டுக்குத் தீனிக் கவலை இல்லை. மழை இல்லாத காலத்தில் ஒரு மாடு வைத்திருக்கிற குடும்பத்துக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்பது மாடு வைத்திருந்தவர்களுக்குத்தான் தெரியும்.

கேட்டு வந்தவரைச் செத்த நேரம் உட்காரச் சொல்லிவிட்டு டீச்சர் கரணை வெட்டுவார். பிறகு எங்கள் போர்ஷன் பக்கம் இருந்த வெந்நீர் அடுப்புக்குக் கொண்டுவருவார். அந்த அடுப்பைப் பற்றவைப்பது என் வேலை. தண்ணீர் தளதளவென்று கொதித்ததும் கரணைக் கட்டை அதில் முக்கிக்கொண்டு ஒன்று, இரண்டு என்று வகுப்பில் எண்ணுகிற மாதிரி ஐம்பது வரை எண்ணுவார். எடுத்துப் பச்சைத் தண்ணீரில் அலசி, ஈரச் சாக்கில் சுற்றிக் கொடுப்பார். வெந்நீரில் முக்கின கீரை எப்படிக் கூடுதல் பச்சையாகத் தெரியுமோ, கரணையும் அப்படித் தெரியும். "என்னா பச்சை!" என்று வாங்கிப்போகிறவர்கள் வாயைப் பிளப்பார்கள்.

"எதுக்கு டீச்சர் வெந்நீர்ல போடுறீங்க?" என்று ஆரம்பத்தில் கேட்டேன்.

"கரும்புக்கு வெந்நீர்ல நேர்த்தி பண்ணுவாங்கள்ல? பூச்சியெல்லாம் செத்துப்போகும்" என்றார்.

மாட்டு டாக்டருக்கு, வார்டு கவுன்சிலருக்கு, பள்ளிக்கூட மேலிடத்துக்கு என்று போகிற கரணைக்கு மட்டும் வெந்நீர் கிடையாது. அவர்கள் வீடுகளில் எல்லாம் புல் இடுப்பு உயரம் நின்றது. மற்றவர்களுக்கு வரவில்லை. வராதவர்கள் டீச்சரைக் குறை சொல்லவில்லை, டாக்டர் வீட்டில்தான் வந்திருக்கிறதே! தங்கள் மண்ணைச் சொன்னார்கள், தண்ணீரைச் சொன்னார்கள், கடைசியில் தங்கள் கையைச் சொன்னார்கள்.

எனக்குச் சந்தேகம் தட்டியது. வெந்நீரில் முக்கியதில் ஒரு கரணையும் முக்காததில் ஒரு கரணையும் எடுத்துப் பழைய பெயிண்ட் டப்பாக்களில் ஊன்றினேன். முக்காதது ஒன்பதாம் நாள் குருத்து விட்டது. மற்றது கறுத்துப்போய் நின்றது. துணி காயப்போட வந்த டீச்சர் இரண்டு டப்பாவையும் பார்த்தார். என்னையும் பார்த்தார். கொஞ்சமாவது சங்கடப்படுவார் என்று எதிர்பார்த்தேன்.

"கெட்டிக்காரிதான் நீ" என்றார். "எல்லார் வீட்டுலயும் முளைச்சுட்டா, அப்பறம் டீச்சர் வீட்டுக்கு எதுக்கு பிள்ள வருவாக?"

அன்று சாயந்திரம் எனக்கு ஒரு கிண்ணம் கெட்டித் தயிர் வந்தது, கேட்காமலே. அதில் ஒரு கரண்டி எடுத்து ஊற்றின பால் கல்லு மாதிரி உறைந்தது. நான் அதை வாங்கிக்கொண்டேன். இதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

அதற்குப் பிறகுதான் மழை பொய்த்த வருடங்கள் வந்தன. டவுனில் குடத்தை வைத்துக்கொண்டு நாள்கணக்கில் காத்துக் கிடந்தார்கள். எங்கள் காம்பவுண்டு போரில் மட்டும் தண்ணீர் வற்றவில்லை. வேறு வீடு பார்க்கலாமா என்று ஒருநாள் வீட்டுக்காரரிடம் கேட்டேன். "கிறுக்கா உனக்கு? இம்புட்டுத் தண்ணி எவன் குடுப்பான்?" என்றார். நான் அப்போது முழுகாமல் இருந்தேன். வாயை மூடிக்கொண்டேன்.

டீச்சருக்கு வெங்காயம் கொண்டுவருகிற விவசாயி ஒருவர் இருந்தார். நாலைந்து கிலோமீட்டர் உள்ளே தள்ளி அவருடைய ஊர். ஒருநாள் மூட்டையை இறக்கிவிட்டு மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்.

"மழை மட்டும் எறங்கட்டும் டீச்சரம்மா. எங்க ஊரு பஞ்சவர்ணத்தக் கூப்பிட்டு மொத வெங்காயத்த ஊண்டச் சொன்னா வெள்ளாமை வீடு வந்து சேந்துரும். அவ கை வச்சா காஞ்ச குச்சியும் தளுக்கும்."

"என் புல்லு மாதிரியா?" என்றார் டீச்சர்.

"இது தண்ணி பாயுற புல்லு. அவ தண்ணி இல்லாமலே தளுக்க வப்பா" என்று சொல்லிவிட்டு அந்த மனிதர் சிரித்தார். விளையாட்டாகத்தான் சொன்னார்.

டீச்சரும் சிரித்தார். "அவகிட்ட மாடு இருக்கா? ஒருநா வரச் சொல்லுங்களேன். கரணை தாரேன். இல்லைங்கிற வார்த்தை என் வாயில வராது" என்றார்.

பஞ்சவர்ணம் வந்தாள். நாற்பது வயதிருக்கும், நெடுநெடுவென்று இருந்தாள். அவளுடைய புருஷன் தென்னை மரத்திலிருந்து விழுந்து நாலு வருடமாகப் படுக்கையில் கிடந்தான். ஒரு மாடும் கன்றும் இருந்தன. மற்றபடி அவள் பிழைப்பு நடவுதான். அந்தப் பக்கத்துக் கிராமங்களில் நாற்றோ வெங்காயமோ நடும்போது முதல் நடவை ராசியான கைதான் தொடங்க வேண்டும். யார் தொடங்குகிறாளோ அவளோடு வருகிற பெண்களுக்குத்தான் அந்த வயக்காட்டு நடவு முழுவதும். பஞ்சவர்ணத்தின் கையை நம்பி எட்டுப் பெண்கள் அவள் பின்னால் போய்க்கொண்டிருந்தார்கள். அவளிடம் இருந்த சொத்து அந்தக் கைராசி ஒன்றுதான்.

அவள் வருவதாகச் சொல்லியிருந்த நாளில் டீச்சர் காலையிலேயே கரணை வெட்டிவிட்டார். நான் அடுப்பைப் பற்றவைத்தேன். ஏழு மாத வயிற்றோடு குனிந்து விறகைத் தள்ளினேன். டீச்சர் அன்றைக்கு ஐம்பதோடு நிறுத்தவில்லை. நூறு வரை எண்ணினார்.

வாசலில் நாற்காலி போட்டு உட்காரவைத்து, காபி கொடுத்து, மும்தாஜ் அக்காவையும் வெங்காயக்காரரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு கட்டைக் கொடுத்தார்.

"இருபது போதும் டீச்சரம்மா" என்றாள் பஞ்சவர்ணம்.

"நூறு இருக்கு, கொண்டு போ. உன் கைக்கு நூறெல்லாம் எம்மாத்திரம்? என் கையா உன் கையான்னு பாத்துருவோம்" என்று டீச்சர் சொன்னதும் எல்லாரும் சிரித்தார்கள். பஞ்சவர்ணமும் வெட்கத்தோடு சிரித்தாள்.

கட்டைத் தூக்கிவிட நான் போனேன். "வயித்துப் பிள்ளக்காரி தூக்காத தாயி" என்று என்னைத் தடுத்துவிட்டுத் தானே தலையில் ஏற்றிக்கொண்டாள். "கட்டு வெதுவெதுன்னு இருக்கே. வெயில் பட்டுருச்சு போல" என்றாள். நான் சொல்லியிருக்கலாம். கேட் வரைக்கும் கூடவே நடந்தேன். கேட்டிலிருந்து ரோடு வரைக்கும் ஐம்பதடி இருக்கும், அவள் அதைக் கடப்பதற்குள்ளாவது கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். "பாத்துப் போங்கக்கா" என்றுதான் சொன்னேன்.

எட்டாம் நாள் வந்து, இன்னும் கண் விடவில்லை என்றாள். ஒரு கிலோமீட்டர் தள்ளி ஒரு தோட்டத்து மோட்டாரிலிருந்து குடம் குடமாகச் சுமந்து ஊற்றுகிறாளாம். "பொறு, வரும்" என்றார் டீச்சர். பதினைந்தாம் நாளும் வந்து, ஒன்றுகூட வரவில்லை என்றாள். "நான் வந்து பாக்குறேன்" என்றார் டீச்சர். அடுத்த சனிக்கிழமை ஆட்டோ பிடித்து என்னையும் அழைத்துக்கொண்டு அந்த ஊருக்குப் போனார்.

டவுனிலிருந்து டீச்சர் வந்திருக்கிறார் என்று பாதி ஊர் கூடிவிட்டது. அவளோடு நடவுக்குப் போகிற பெண்களும் நின்றார்கள். பாத்தி எவ்வளவு அழகாக இருந்தது தெரியுமா! நூறு கரணையும் ஒரே சாய்ப்பு, ஒரே இடைவெளி. மண் ஈரமாக இருந்தது. ஒன்றில்கூட உயிர் இல்லை. டீச்சர் குனிந்து ஒன்றைப் பிடுங்கி நகத்தால் கணுவைக் கீறிக் காட்டினார். உள்ளே கறுப்பு.

"கரணை நல்ல கரணைதான்" என்றார், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி. "இது எடுத்த என் பாத்தியில எடுத்ததுதான் டாக்டர் வீட்டுல இடுப்பொசரம் நிக்குது."

பிறகு பஞ்சவர்ணத்தின் வலது கையைத் தன் இரண்டு கையாலும் பிடித்து, உள்ளங்கையைத் திருப்பி, கொஞ்ச நேரம் பார்த்தார். கூட்டமும் அந்தக் கையைப் பார்த்தது.

"வருத்தப்படாத. சிலருக்கு ஒரு வயசுக்கு மேல கை மாறிப்போகும். நம்ம என்ன செய்ய முடியும்?"

இதைச் சொல்லும்போது அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. நடிப்பு என்று என்னால் இன்றைக்கும் சொல்ல முடியவில்லை, நிஜமாகவே நின்றது. பஞ்சவர்ணம் கையை இழுத்து முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள். திரும்பி வரும்போது ஆட்டோவில் டீச்சர் கண்ணைத் துடைத்துவிட்டு, "ராத்திரிக்கு என்ன வெஞ்சனம் வைக்கப் போற?" என்று என்னைக் கேட்டார். எனக்கு அவர் முகத்தில் துப்ப வேண்டும் போலிருந்தது. "கத்திரிக்கா" என்றேன்.

ஐப்பசியில் ஒருவழியாக மழை பெய்தது. வெங்காய நடவு தொடங்கியது. முதல் வெங்காயத்தை ஊன்ற வேறொருத்தியைக் கூப்பிட்டார்கள். எட்டுப் பெண்களும் அவள் பின்னால் போய்விட்டார்கள். பஞ்சவர்ணம் வரிசையில் கடைசி ஆளாகவாவது நடுகிறேன் என்று போய் நின்றிருக்கிறாள். "நடவுக்கு வேணாம்க்கா, களை பிடுங்குறப்ப வாங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார்களாம். வெங்காயக்காரர்தான் இதை டீச்சரிடம் வந்து சொன்னார். "அடப் பாவமே" என்றார் டீச்சர். அவளுடைய மாடும் கன்றும் அதற்கு முன்பே கைமாறிவிட்டன.

தை பிறந்து கொஞ்ச நாளில் பஞ்சவர்ணம் எங்கள் காம்பவுண்டுக்கு வந்தாள். எனக்கு மகன் பிறந்து மூன்று மாதம். டவுனில் ஏதோ வேலையாக வந்தவள், பிள்ளையைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று ஒரு பிஸ்கட் பாக்கெட்டோடு வந்திருந்தாள். ஆள் பாதியாகியிருந்தாள். பச்சைக் குழந்தைக்கு பிஸ்கட் ஆகாது என்பதுகூட அவளுக்குத் தோன்றவில்லை. நான் வாசலில் பிள்ளையைக் காலில் போட்டு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தேன். டீச்சர் புல்லை அறுத்துக் கட்டிக்கொண்டிருந்தார்.

"உள்ள வாங்கக்கா" என்றேன். வரவில்லை. நடையிலேயே நின்றாள்.

"நல்லாருக்கானா? மூக்கும் முழியுமா இருக்கான்" என்றாள்.

"கையில வாங்குங்க."

"வேணாம் தாயி. என் கை சரியில்ல. ஊரே சொல்லுதே."

அந்த நிமிடம் எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்தக் கையில் ஒரு பழுதும் இல்லை என்பது உலகத்தில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். அதில் ஒருத்தி நான். இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன். அதற்கு முன்னால் இந்தப் பிள்ளையை அவள் கையில் கொடுத்துவிட வேண்டும் என்றும் நினைத்தேன். எழுந்து போய், "அதெல்லாம் சும்மாக்கா, புடிங்க" என்று மகனை அவள் முன்னால் நீட்டினேன்.

அவள் என்னை ஒரு தடவை பார்த்தாள். முந்தானையிலிருந்து இரண்டு கையையும் எடுத்தாள். சேலையில் துடைத்துக்கொண்டாள். அப்புறம் மெதுவாக நீட்டினாள். அவள் விரல் என் பிள்ளையின் தலைக்கு ஒரு சாண் தூரத்தில் வந்தபோது, நான் அவனை வெடுக்கென்று இழுத்து மாரோடு அணைத்துக்கொண்டேன். நினைத்துச் செய்யவில்லை. கை தானாகச் செய்துவிட்டது.

அவளுடைய கை இரண்டும் கொஞ்ச நேரம் அப்படியே நீண்டபடி நின்றன.

"அதுவும் சரிதான் தாயி" என்றாள். பிஸ்கட் பாக்கெட்டைப் படியில் வைத்துவிட்டுத் திரும்பிப் போனாள்.

புல்கட்டோடு நின்ற டீச்சர் எல்லாவற்றையும் பார்த்திருந்தார். கட்டைக் கீழே போட்டுவிட்டு என் பக்கத்தில் வந்தார். அத்தனை வருடத்தில் என்னை அவர் பிள்ள என்று கூப்பிட்டிருக்கிறார், பெயரைச் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார். அன்றைக்கு என் தோளில் கையைப் போட்டு, "உள்ள வா மகளே, பிள்ளைக்கு வெயிலாகாது" என்றார்.